ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆன்லைன்ல கஸ்டமர் பிடிக்க முழு வழிகாட்டி: எதை முதல்ல செய்யணும், எதை கடைசியா செய்யணும்

புதுசா இந்த தொழிலுக்கு வர்ற ஏஜென்ட்ல நிறைய பேர் முதல் நாளே ஃபேஸ்புக் பேஜ் ஒண்ணு ஆரம்பிச்சு, கையில இருக்கிற நாலு போட்டோவ போட்டு, கீழ இருக்கிற பூஸ்ட் பட்டனை, அதாவது காசு கட்டி போஸ்டை நிறைய பேருக்கு காட்டுற பட்டனை, அமுக்கிடறாங்க. கொஞ்ச நாள்ல காசு தீர்ந்துடும், போன் நம்பர் லிஸ்ட் ஒண்ணு கையில நிக்கும், அதுல பாதி பேர் எடுக்க மாட்டாங்க, எடுக்கிறவங்களும் "நான் எந்த ஃபார்மும் ஃபில் பண்ணலையே"ம்பாங்க. அதோட ஆன்லைன் நமக்கு ஒத்து வராதுன்னு முடிவு பண்ணிடறாங்க.

இதுல தப்பு வரிசைல தான் இருக்கு. வீடு வாங்குறதுன்னா பல பேருக்கு வாழ்நாள்லயே பெரிய செலவு, விளம்பரத்தை பார்த்ததும் யாரும் போனை எடுத்துட மாட்டாங்க. உங்க பேரை கூகுள்ல தட்டுவாங்க, ரிவ்யூ பார்ப்பாங்க, அதே போட்டோ வேற எங்கயாவது வேற விலைல கிடக்கான்னு தேடுவாங்க, ஏமாத்துற ஆளா இருக்குமோன்னு ஒரு தடவையாவது யோசிப்பாங்க. அதனால உஷாரா இருக்கிற ஒரு வாங்குபவர் என்னென்ன செக் பண்ணுவாரோ அதுக்கெல்லாம் பதிலை ரெடி பண்ணி வச்சுட்டு, காசு கட்டி விளம்பரம் போடுறதை கடைசில வச்சுக்கிட்டேன். கீழ இருக்கிறது அந்த வரிசை.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியவை

முதல்ல பதிவு. நீங்க தொழில் பண்ற இடத்துல ஏஜென்ட்டுக்கு லைசென்ஸோ பதிவோ கட்டாயம்னா, அந்த நம்பர் கையில வர்ற வரைக்கும் ஒரு போஸ்ட் கூட வேணாம். பல இடங்கள்ல விளம்பரத்துலயே பதிவு நம்பரை போடணும்னு விதி இருக்கு, உங்க இடத்துல என்ன விதின்னு அதிகாரப்பூர்வ தளத்துல போய் படிச்சுக்கோங்க. சட்டம் கேக்கலைன்னாலும் போடுங்க, விவரம் தெரிஞ்ச வாங்குபவர் முதல்ல தேடுறதே அதைத்தான்.

ரெண்டாவது, ஓனரோட சம்மதம், அதுவும் எழுத்துல. "இந்த வீட்டை போட்டோ எடுத்து ஆன்லைன்ல போட சம்மதம், விலை இவ்வளவு, இந்த தேதி வரைக்கும்"னு ஓனர்கிட்ட இருந்து ஒரு மெசேஜ் இருந்தா கூட போதும். வாய் வார்த்தைல ஆரம்பிச்சா, நீங்க விளம்பரத்துக்கு காசு போட்ட பிறகு ஓனர் விலையை ஏத்துவார், இல்லன்னா "நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே"ன்னு நிப்பார். ரெண்டும் அடிக்கடி நடக்குது.

மூணாவது, தொழிலுக்குன்னு தனி போன் நம்பர், தனி இமெயில். ரெண்டுலயும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணிடுங்க. பின்னாடி உங்க பேஜ், விளம்பர கணக்கு, வெப்சைட் எல்லாம் இந்த ஒரு இமெயில்ல தான் தொங்கப்போகுது, அது போச்சுன்னா எல்லாம் போச்சு.

நாலாவது தான் புதுசா வர்றவங்க ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்க: ஏரியாவை சுருக்குங்க. ஊர் முழுக்க எல்லா வகை சொத்தும் பண்றேன்னு போட்டா தேடலயும் மேல வர மாட்டீங்க, மனசுலயும் நிக்க மாட்டீங்க. ரெண்டு மூணு ஏரியா, ஒரு வகை சொத்து, உதாரணத்துக்கு பழைய ஃப்ளாட் மறுவிற்பனை மட்டும்னு எடுத்துக்கிட்டா அந்த தெருல கடைசியா எது என்ன விலைக்கு போச்சு, எந்த பில்டிங்ல லிஃப்ட் பிரச்சனைன்னு உங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி தெரிஞ்சிருக்கும், போன்ல பேசுற முதல் நிமிஷத்துலயே எதிர்ல இருக்கிறவருக்கு அது புரிஞ்சுடும்.

2. எல்லா கணக்கும் உங்க பேர்ல இருக்கணும்

வெப்சைட் பண்ணித் தர்றவர்கிட்ட "நீங்களே எல்லாம் பார்த்துக்கோங்க"ன்னு விட்டுடறது ரொம்ப சகஜம். அவர் டொமைனை, அதாவது வெப்சைட்டோட முகவரியை, அவர் இமெயில்லயே வாங்கிடுவார். ஒரு வருஷம் கழிச்சு அவரோட ஒத்து வரலைன்னா உங்க கடை பேரையே நீங்க வெளில எடுக்க முடியாது. அதனால டொமைனை நீங்களே, உங்க இமெயில்ல, உங்க கார்டுல வாங்குங்க, ஆட்டோ ரெனீவலை ஆன் பண்ணுங்க. டாட் காம் மாதிரி டொமைன்களை வாங்கின முதல் 60 நாளுக்கு பொதுவா வேற கம்பெனிக்கு மாத்த முடியாது, அதனால எங்க வாங்குறோம்னு முதல்லயே யோசிச்சுக்கணும்.

ஃபேஸ்புக், கூகுள் விளம்பர கணக்கும் அப்படித்தான். ஓனர் நீங்க, வேலை செய்யறவருக்கு அனுமதி மட்டும் குடுங்க, பாஸ்வேர்டை குடுக்காதீங்க. ரெண்டு தளத்துலயும் இன்னொருத்தரை அவரோட சொந்த லாகின்லயே சேர்க்குற வசதி இருக்கு, வேலை முடிஞ்சதும் எடுத்துடலாம். இதனால என்ன லாபம்னா, நீங்க காசு போட்டு சேர்த்த விளம்பர டேட்டா, ரிவ்யூ எல்லாம் ஆள் மாறினாலும் உங்ககிட்டயே இருக்கும்.

பேஜ் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே "உங்கள் பேஜ் காப்பிரைட் விதியை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும், இந்த லிங்க்கில் முறையிடுங்கள்"னு மெசேஜ் வரலாம். ஃபேஸ்புக் லோகோ எல்லாம் இருக்கும். அது திருட்டு. உண்மையான அறிவிப்புன்னா உங்க கணக்குக்குள்ளயே தெரியும், மெசஞ்சர்ல முன்ன பின்ன தெரியாத ஒரு பேஜ்ல இருந்து வராது. லிங்க்கை தொடாம டெலீட் பண்ணுங்க.

3. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்

வெப்சைட்டுக்கு முன்னாடி இதை பண்ணுங்க. காசு கிடையாது, உங்க பேரை தட்டுனா வலது பக்கமோ மேலயோ வர்ற அந்த பெட்டி இதுதான், ரிவ்யூ சேர்ற இடமும் இதுதான். ரிவ்யூ சேர நாளாகும், அதனால தான் இவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கணும்ங்கிறேன்.

பழைய யூடியூப் வீடியோ பார்த்து பண்றவங்க இங்க குழம்பிடறாங்க. 2021 வரைக்கும் இதுக்கு கூகுள் மை பிசினஸ்னு பேரு, அதுக்குன்னு தனி ஆப் இருந்துச்சு. இப்ப அந்த ஆப் கிடையாது, கூகுள் சர்ச்லயோ மேப்ஸ்லயோ இருந்தே எல்லாம் செய்யணும். இதுக்குள்ளயே இலவசமா ஒரு குட்டி வெப்சைட் குடுத்துட்டு இருந்தாங்க, அதை 2024 மார்ச்ல நிறுத்திட்டாங்க, அதே வருஷம் ஜூலையோட சாட் வசதியும் போச்சு. அதைப் பத்தி பேசுற வீடியோன்னா தாண்டி போயிடுங்க.

பேரு போடுற இடத்துல உங்க உண்மையான தொழில் பேரை மட்டும் போடுங்க. அதோட "குறைந்த விலை வீடு விற்பனை ஃப்ளாட் ஏஜென்ட்"னு ஒட்ட வைக்கிறது கூகுள் விதிக்கு மாறானது, யாராவது ரிப்போர்ட் பண்ணா ப்ரொஃபைலே சஸ்பெண்ட் ஆகலாம், ரிவ்யூவும் அதோட கண்ல படாம போயிடும். ஆபீஸ் இல்லாம வீட்ல இருந்து வேலை பார்க்கிறவங்க முகவரியை மறைச்சுட்டு சேவை ஏரியாவை மட்டும் குடுக்கலாம். விவரம் எழுத 750 எழுத்து இடம் இருக்கு, அதுல எந்த ஏரியா, என்ன வகை சொத்து, பதிவு நம்பர், எப்ப கூப்பிடலாம், இதை எழுதினா போதும். வெரிஃபிகேஷனுக்கு வீடியோ எடுத்து அனுப்ப சொன்னா போர்டு, ஆபீஸ் உள்பக்கம், பதிவு சான்றிதழ் எல்லாம் பக்கத்துல வச்சுக்கிட்டு எடுங்க.

ரிவ்யூ விஷயத்துல முக்கியமா ரெண்டு தடை. ஒண்ணு, காசோ பரிசோ தள்ளுபடியோ குடுத்து வாங்கக் கூடாது. ரெண்டு, சந்தோஷமா இருக்கிறவங்களை மட்டும் பொறுக்கி எடுத்து கேக்குறதும் கூகுள் விதிக்கு எதிரானது. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேளுங்க. மோசமான ரிவ்யூ வந்தா அன்னைக்கே பதில் எழுதாதீங்க, ஒரு ராத்திரி விட்டு, என்ன நடந்துச்சுன்னு நிதானமா ரெண்டு மூணு வரில எழுதுங்க. அந்த பதிலை படிக்கப்போறது ரிவ்யூ போட்டவரை விட அடுத்து வர்ற கஸ்டமர் தான்.

4. ஒரே ஒரு லிஸ்டிங்கை முழுசா தயார் பண்ணுங்க

லிஸ்டிங்னா விக்கிற ஒரு வீட்டோட விவரம், போட்டோ, விலை எல்லாம் சேர்ந்த பதிவு. இங்க தான் அதிக நேரம் செலவு பண்ணணும். அரைகுறையா இருபது போடுறதுக்கு பதிலா ஒண்ணை நல்லா போடுங்க. முதல் லிஸ்டிங்ல கத்துக்கிட்டது அடுத்த எல்லாத்துக்கும் அச்சா இருக்கும்.

முதல்ல அளவு. ஓனர் சொல்ற அளவை அப்படியே எழுதாதீங்க, டேப் வச்சு அறை அறையா அளங்க. சுவத்துக்கு உள்ள புழங்குற அளவு வேற, சுவத்தையும் பொது இடத்தையும் சேர்த்து சொல்ற அளவு வேற, எதை எழுதறீங்கன்னு வெளிப்படையா சொல்லுங்க. பேப்பர்ல ஒண்ணு, நேர்ல ஒண்ணுன்னு வாங்குறவருக்கு தோணிட்டா நீங்க சொன்ன மத்த எல்லாத்தையும் சந்தேகப்பட ஆரம்பிச்சுடுவார்.

அடுத்து போட்டோ. நல்ல போன் போதும், ஆனா அன்னைக்கு வீட்டை ரெடி பண்ணணும். போறதுக்கு முந்தின நாளே ஓனர்கிட்ட சொல்லி பாத்திரம், துணி, மேஜை மேல கிடக்கிறது எல்லாத்தையும் எடுக்க சொல்லுங்க. பகல் வெளிச்சத்துல, திரையை விலக்கி, எல்லா லைட்டையும் போட்டு எடுங்க. போனை படுக்க வச்சு, நெஞ்சு உயரத்துல பிடிச்சு, அறையோட மூலைல நின்னு எதிர் மூலையை பார்த்து எடுத்தா அறையோட உருவம் தெரியும். கேமராவை மேல கீழ சாய்க்காதீங்க, சாய்ச்சா சுவர் எல்லாம் விழற மாதிரி வரும், அதுக்காகவே கேமரால கட்டம் போட்ட கோடு வசதி இருக்கு, ஆன் பண்ணுங்க. லென்ஸை துடைச்சுட்டு எடுங்க, இதை மறக்காத ஆளை நான் பார்த்தது கம்மி.

அல்ட்ரா வைட் லென்ஸ்ல எல்லா அறையும் மண்டபம் மாதிரி தெரியும். குளியலறை மாதிரி வேற வழியே இல்லாத சின்ன இடத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க. படுக்கையறையை அதுல எடுத்தா நேர்ல வர்றவர் வாசல்லயே முகம் மாறிடுவார், அந்த விசிட் வீண், உங்க பெட்ரோலும் வீண். ஏஐ வச்சு காலி அறைல சோபா கட்டில் போடுறது தப்பில்ல, ஆனா "இது மாதிரிக்கு போட்ட படம்"னு அந்த படத்து மேலயே எழுதணும், பக்கத்துலயே காலி அறையோட உண்மை போட்டோவும் இருக்கணும். விரிசலையும் ஈரக்கறையையும் எடிட் பண்ணி அழிக்கிறது மட்டும் கூடவே கூடாது, அது ஏமாத்துறது.

போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு போட்டோவையும் பெருசு பண்ணி பாருங்க. குடும்ப போட்டோ, குழந்தை ஸ்கூல் யூனிஃபார்ம், கார் நம்பர், மேஜைல கிடக்கிற பேங்க் கடிதம், ஆணில மாட்டின சாவி, இதெல்லாம் தெரியக் கூடாது. சாவியோட போட்டோவ மட்டும் வச்சே டூப்ளிகேட் செய்ய முடியும்னு 2008லயே ஆராய்ச்சியாளர்கள் செஞ்சு காட்டிட்டாங்க. போன்ல எடுத்த போட்டோக்குள்ள எடுத்த இடத்தோட துல்லியமான லொகேஷனும் பதிஞ்சிருக்கும். வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா அனுப்புறப்ப அது போயிடும், டாக்குமென்ட்டா அனுப்பினா அப்படியே போகும், சொந்த வெப்சைட்ல ஏத்தினாலும் இருந்துடலாம். ஆள் இல்லாம பூட்டிக்கிடக்கிற வீடுன்னா இது சின்ன விஷயம் கிடையாது, கேமரா செட்டிங்ல லொகேஷனை ஆஃப் பண்ணிட்டே எடுங்க.

கடைசியா எழுத்து. வழக்கமா பார்க்கிறது இது:

"அருமையான வீடு, சூப்பர் லொகேஷன், அரிய வாய்ப்பு, உடனே அழைக்கவும், விலை நேரில்."

இதுல வீட்டைப் பத்தி ஒரு தகவல் கூட இல்ல. அதே வீட்டை இப்படி எழுதலாம்:

"முதல் மாடி, 2 படுக்கையறை, புழங்குற அளவு 780 சதுர அடி, கட்டி 9 வருஷம். கிழக்கு பக்கம் பால்கனி, காலை வெயில் ஹால் வரைக்கும் வரும். லிஃப்ட் கிடையாது. ஒரு கார் நிறுத்த மூடின இடம் உண்டு. பஸ் ஸ்டாப்புக்கு நடந்து 6 நிமிஷம். சமையலறை அலமாரியை மாத்த வேண்டியிருக்கும். ஆவணங்களோட நகல் நேர்ல பார்க்கலாம், உங்க வக்கீலுக்கும் தர்றோம். சனி, ஞாயிறு காலைல வந்து பார்க்கலாம்."

லிஃப்ட் இல்ல, அலமாரி பழசுன்னு எழுதினா ஆள் வர மாட்டாங்கன்னு பயப்படுறாங்க. முழங்கால் வலி இருக்கிற அப்பா அம்மாவோட வர்றவர் முதல் மாடி லிஃப்ட் இல்லன்னா எப்படியும் வாங்கப்போறதில்ல, அவர் படிச்சுட்டு ஒதுங்கிட்டா உங்களுக்கு ஒரு சனிக்கிழமை மிச்சம். குறையை நீங்களே சொன்னதால மிச்சத்தையும் நம்புறவங்க தான் போன் பண்ணுவாங்க.

விலையை கண்டிப்பா போடுங்க. "விலை நேரில்"னு போட்டா பட்ஜெட்டே இல்லாதவங்க தான் நிறைய கூப்பிடுவாங்க, பட்ஜெட் வச்சு தேடுறவர் விலை போட்ட அடுத்த லிஸ்டிங்குக்கு போயிடுவார். பேரம் உண்டா, மாசா மாசம் பராமரிப்பு கட்டணம் எவ்வளவு, உங்க கமிஷன் யார் தரணும், இதையும் சேர்த்தே எழுதுங்க. கடைசி நேரத்துல முளைக்கிற கட்டணம் எந்த கஸ்டமருக்கும் பிடிக்காது.

5. வெப்சைட்: சின்னதா இருந்தா போதும்

ஒரு லிஸ்டிங்குக்கு ஒரு பக்கம், ஒரு ஏரியாவைப் பத்தி ஒரு பக்கம், உங்களைப் பத்தி ஒரு பக்கம். அவ்வளவுதான். விளம்பரத்துல இருந்து வர்றவரை நேரா அந்த வீட்டோட பக்கத்துக்கே கொண்டு வரணும், முகப்புல விட்டா அவர் தேடிட்டு இருக்க மாட்டார்.

உங்க போன்ல, வைஃபையை ஆஃப் பண்ணிட்டு திறந்து பாருங்க. மெதுவா வந்தா போட்டோ சைஸ் தான் முக்கால்வாசி காரணம், குறைச்சு ஏத்துங்க. நம்பரை தொட்டா கால் போகணும். ஃபார்ம்ல பேரு, போன், எப்ப பார்க்கணும், மூணே கேள்வி. சம்பளம், பிறந்த தேதி எல்லாம் கேட்டா உஷாரான ஆள் அங்கயே மூடிட்டு போயிடுவார், அப்படி போறதும் நியாயம் தான்.

6. பதில் சொல்ற ஏற்பாடு: விளம்பரத்துக்கு முன்னாடி

2011ல ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூல வந்த ஒரு ஆய்வுல, என்கொயரி வந்து 1 மணி நேரத்துக்குள்ள தொடர்பு கொண்ட கம்பெனிகளுக்கு உருப்படியான பேச்சுவார்த்தை கிடைக்கிற வாய்ப்பு, அதுக்கு மேல 1 மணி நேரம் தாமதிச்சவங்களை விட கிட்டத்தட்ட 7 மடங்குன்னு கண்டுபிடிச்சாங்க. அது வீட்டு வியாபாரத்தை மட்டும் பார்த்த ஆய்வு கிடையாது, ஆனா காரணம் இங்கயும் அதே: அந்த நேரத்துல அவர் போனும் கையுமா தேடிட்டு இருக்கார், சாயந்திரம் கூப்பிட்டா ஆபீஸ்லயோ வண்டிலயோ இருப்பார், எந்த வீட்டுக்கு கேட்டோம்ங்கிறதே மறந்திருக்கும்.

அதனால வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பை போடுங்க, அதுவும் இலவசம். அதுல மூணு விஷயம் செட் பண்ணணும். முதல் தடவை மெசேஜ் பண்றவங்களுக்கு தானா போற வரவேற்பு மெசேஜ், அடிக்கடி சொல்ற பதில்களுக்கு குவிக் ரிப்ளை, ஒவ்வொரு ஆளும் எந்த கட்டத்துல இருக்கார்னு லேபிள். லேபிளை "புதுசு, பேசியாச்சு, விசிட், பேரம், வேணாம்" அப்படின்னு வச்சுக்கோங்க. லேபிள் இல்லாம நினைவுல வச்சுக்கலாம்னு நினைக்கிறவங்க தான் ஃபாலோ அப்ல கோட்டை விடுறாங்க.

தானா போற மெசேஜோட நிறுத்தக் கூடாது, பின்னாடியே நீங்க எழுதணும். உதாரணமா:

"வணக்கம் மேடம். அந்த முதல் மாடி 2 படுக்கையறை வீடு இன்னும் இருக்கு. ஹால், சமையலறை வீடியோ இதோட அனுப்பியிருக்கேன். நீங்களே குடி வரவா, இல்ல வாடகைக்கு விடவா? சனிக்கிழமை 10 மணி, 11:30, எது வசதிப்படும்?"

கேட்டதுக்கு பதில், கேக்காமலே ஒரு வீடியோ, ஒரு கேள்வி, ரெண்டு நேரம். "எஸ் சார் அவைலபிள்"னு மட்டும் அனுப்பினா பேச்சு அங்கயே முடிஞ்சுடும்.

ஒரே மெசேஜை பல பேருக்கு தனித்தனியா அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல ஒரு லிஸ்டுக்கு 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம், ஆனா உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் தான் அது போய் சேரும். நிறைய பேர் இது தெரியாம யாருமே பதில் போடலையேன்னு உக்காந்திருக்காங்க. முதல் பேச்சுலயே நம்பரை சேவ் பண்ண சொல்லி கேளுங்க. எங்கயோ வாங்கின நம்பர் லிஸ்டுக்கு மொத்தமா அனுப்பாதீங்க, ரிப்போர்ட் பண்ணி பண்ணி நம்பரே பேன் ஆயிடும்.

7. இலவச இடங்கள்: போர்ட்டல், வீடியோ, ஏரியா பதிவு

லிஸ்டிங் ரெடின்னா இப்ப சொத்து போர்ட்டல்கள்ல, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்ல போடுங்க. எல்லா இடத்துலயும் ஒரே விலை, ஒரே அளவு இருக்கணும். ஒரு தாள்ல எங்கெங்க போட்டிருக்கோம்னு எழுதி வச்சுக்கோங்க, விலை மாறினா எல்லாத்துலயும் அன்னைக்கே மாத்தணும், நான் மேல சொன்ன அந்த உஷாரான ஆள் கண்டிப்பா ஒப்பிட்டு பார்ப்பார்.

வீடியோவுக்கு போனை நிமிர்த்தி எடுங்க. வாசல்ல இருந்து நடந்து வீட்டுக்குள்ள போற மாதிரி, வெட்டாம ஒரே டேக்ல. பின்னணில பாட்டு போடுறதை விட நீங்க பேசுங்க, "இந்த ஜன்னலை திறந்தா ரோடு சத்தம் வரும், மூடினா இவ்வளவுதான் கேக்குது"ன்னு திறந்து மூடி காட்டுங்க. போட்டோல சொல்ல முடியாத விஷயம் அது.

விக்கிறதுக்கு வீடே இல்லாத வாரத்துல ஏரியாவைப் பத்தி போடுங்க. எந்த தெருல மழைத்தண்ணி நிக்கும், பார்க்கிங் எப்படி, ராத்திரி ஆள் நடமாட்டம் எப்படின்னு. இதுக்கு உடனே போன் வராது, ஆனா அந்த ஏரியாவை தேடுற ஆள் திரும்ப திரும்ப உங்களையே பார்ப்பார்.

8. இப்ப காசு கட்டி விளம்பரம்

கூகுள் சர்ச்ல வர்றவர் ஏற்கனவே தேடுறவர், ஃபேஸ்புக் இன்ஸ்டாக்ராம்ல பார்க்கிறவர் வேற வேலையா ஸ்க்ரோல் பண்றவர். முதல் வகை கம்மியா வரும், சூடா வரும். ரெண்டாவது நிறைய வரும், அதுல வடிகட்டணும். பட்ஜெட் சின்னதுன்னா ஒண்ணை மட்டும் எடுத்துக்கோங்க, ரெண்டுலயும் பிச்சு போட்டா எதுலயும் ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது.

கூகுள்ல முதல் பொறி லொகேஷன் செட்டிங். தானா இருக்கிற தேர்வு, அந்த ஏரியால இருக்கிறவங்களோட சேர்த்து அந்த ஏரியால ஆர்வம் காட்டுறவங்களுக்கும் காட்டும். வெளியூர்ல இருந்து வாங்குறவங்க உங்களுக்கு வேணும்னா அது சரி, இல்லன்னா ஏரியால இருக்கிறவங்க மட்டும்னு மாத்துங்க. சர்ச் விளம்பரம் பண்றப்ப டிஸ்ப்ளே நெட்வொர்க்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துடுங்க, இல்லன்னா கேம் ஆப்புக்குள்ள எல்லாம் உங்க விளம்பரம் ஓடும். இந்த வார்த்தையோட தேடினா விளம்பரத்தை காட்டாதேன்னு சொல்ற நெகட்டிவ் கீவேர்ட்ல "வாடகை, வேலை, கோர்ஸ், இலவசம்" மாதிரி வார்த்தைகளை முதல் நாளே போடுங்க, வாரா வாரம் என்ன தேடி வந்தாங்கங்கிற ரிப்போர்ட்டை பார்த்து இன்னும் சேருங்க.

ஃபேஸ்புக்ல பூஸ்ட் பட்டனை விட்டுட்டு, விளம்பரத்தை முழுசா செட் பண்ற ஆட்ஸ் மேனேஜருக்கு போங்க. பூஸ்ட்ல பெரும்பாலும் லைக் தான் சேரும், வீடு வாங்குற ஆள் லைக் போட்டுட்டு போறவர் கிடையாது. லீட்னா வீட்டுல ஆர்வம் காட்டி விவரம் குடுக்கிற ஆள். அந்த விவரத்தை வாங்குற லீட் ஃபார்ம் போடுறப்ப அதிக எண்ணிக்கை, அதிக ஆர்வம்னு வகைகள் இருக்கு, அதிக ஆர்வத்தை எடுங்க. அதுல அனுப்புறதுக்கு முன்னாடி தன் விவரத்தை ஒரு தடவை பார்த்து உறுதி பண்ணணும், கை தவறி அனுப்புறவங்க அங்கயே நின்னுடுவாங்க. "நான் ஃபில் பண்ணலையே" பிரச்சனை பெருமளவு குறையறது இதுல தான்.

அமெரிக்கா, கனடா மாதிரி சில நாடுகள்ல வீட்டு விளம்பரத்தை ஃபேஸ்புக்ல தனி வகைன்னு அறிவிச்சு தான் போடணும், வயசு, ஆண் பெண் பார்த்து எல்லாம் குறி வைக்க முடியாது. பாகுபாடு கூடாதுங்கிறது தான் காரணம். அறிவிக்காம போட்டா விளம்பரம் ரிஜெக்ட் ஆகும். விதி இல்லாத இடத்துலயும் இன்ன ஆளுங்களுக்கு மட்டும்னு எழுதாதீங்க.

ஓட ஆரம்பிச்ச பிறகு தினமும் கை வைக்காதீங்க. ஃபேஸ்புக்கோட முறை ஒரு வாரத்துல சுமார் 50 ரிசல்ட் வந்தா தான் கத்துக்கிற கட்டத்தை தாண்டும்னு வச்சிருக்காங்க, நீங்க பெருசா மாத்துற ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். சின்ன பட்ஜெட்ல 50 வராது, அதனால நாலு விளம்பர குழுவா பிரிக்காம ஒண்ணா போடுங்க.

9. மார்க்கெட்டிங் சர்வீஸ் வாங்குறப்ப நீங்களும் ஒரு கஸ்டமர்

உங்க நம்பர் வெளில வந்ததும் எஸ்இஓ (கூகுள் தேடல்ல மேல கொண்டு வர்ற வேலை), லீட், ஃபாலோயர்னு விக்கிறவங்க வரிசையா கூப்பிடுவாங்க. வீடு வாங்குறவர்கிட்ட நீங்க எதிர்பார்க்கிற உஷார் இங்க உங்ககிட்ட இருக்கணும்.

கூகுள்ல முதலிடம் கேரன்ட்டின்னு சொன்னா அங்கயே போனை வைங்க. அப்படி யாராலயும் கேரன்ட்டி குடுக்க முடியாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு. லீட் விக்கிறவர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: இதே லீடை இன்னும் எத்தனை பேருக்கு குடுக்கறீங்க? பதில் மழுப்பினா, ஒரே கஸ்டமரை நாலு ஏஜென்ட் ஒரே நேரத்துல கூப்பிடப் போறீங்கன்னு அர்த்தம். ஃபாலோயர் வாங்கவே வாங்காதீங்க, அவங்க யாரும் உங்க ஏரியால இல்ல, உண்மையான ஆளுங்களுக்கு உங்க போஸ்ட் போய் சேர்றது தான் குறையும்.

ஹோஸ்டிங் (வெப்சைட்டை வச்சிருக்கிற இடத்துக்கான வாடகை), டிசைன் டூல் எல்லாம் முதல் வருஷ விலை ஒண்ணு, ரெனீவல் விலை வேறயா இருக்கும். ரெண்டாவதை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. வரி சேர்த்து மொத்தம் எவ்வளவுன்னு கடைசி பக்கம் வரைக்கும் போய் பாருங்க, ஏற்கனவே டிக் போட்டு வச்சிருக்கிற கூடுதல் சேவையை எல்லாம் எடுங்க. "இன்னும் 10 நிமிஷம் தான் இந்த விலை"ன்னு ஓடுற கடிகாரத்தை பக்கத்தை மூடி திறந்து பாருங்க, பல தளத்துல திரும்ப முதல்ல இருந்து ஓடும். இலவச ட்ரையலுக்கு கார்டு குடுத்தா அதே நிமிஷம் போன் காலண்டர்ல முடியறதுக்கு 2 நாள் முன்னாடி அலாரம் வைங்க, எப்படி கேன்சல் பண்றதுன்னும் அப்பவே தேடிப் பார்த்துடுங்க.

டொமைன் ரெனீவல்னு பில் மாதிரியே ஒரு மெயில் வரும், நீங்க வாங்கின கம்பெனில இருந்து வந்திருக்காது. மெயில்ல இருக்கிற லிங்க்ல காசு கட்டாம, வாங்கின தளத்துக்கு நீங்களே போய் பாருங்க.

ஆளை வேலைக்கு வச்சா வருஷ ஒப்பந்தம் வேணாம், மாசா மாசம் போதும். விளம்பரத்துக்கு போன காசு தனி, அவரோட கூலி தனின்னு ரசீது கேளுங்க. ரெண்டையும் கலந்து ஒரே தொகையா சொன்னா எவ்வளவு உண்மையா விளம்பரத்துக்கு போச்சுன்னு தெரியவே தெரியாது.

10. கணக்கு வைக்கிறது

ஒரு ஷீட் போதும். தேதி, ஆள், எங்கிருந்து வந்தார், எந்த வீடு, விசிட் ஆச்சா, என்ன சொன்னார். "எங்க பார்த்தீங்க?"ன்னு எல்லார்கிட்டயும் கேளுங்க, ஒவ்வொரு இடத்துக்கும் தனி லிங்க் குடுத்தா இன்னும் தெளிவா தெரியும்.

ஒரு லீடுக்கு எவ்வளவு செலவுங்கிறதை மட்டும் பார்த்து சந்தோஷப்படாதீங்க, ஒரு சைட் விசிட்டுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு பாருங்க. மலிவான லீடுல ஒருத்தர் கூட வீடு பார்க்க வரலைன்னா அது தான் ரொம்ப விலை. லீட் வருது விசிட் வரலைன்னா பிரச்சனை 6ஆவது பகுதில, அதாவது பதில் சொல்றதுல. விசிட் வருது பேரம் வரைக்கும் போகலைன்னா 4ஆவது பகுதிக்கு போங்க, போட்டோவுக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இருக்கா, விலை சரியான்னு பாருங்க. லீடே வரலைன்னா அப்ப தான் விளம்பரத்துல கை வைக்கணும்.

வீடு வித்த அன்னைக்கே விளம்பரத்தை நிறுத்தி, எல்லா போர்ட்டல்லயும் விற்றதுன்னு மாத்துங்க. வித்த வீட்டை காட்டியே ஆளை கூப்பிட்டுட்டு "அது போச்சு சார், வேற ஒண்ணு இருக்கு"ங்கிற பழக்கம் இந்த தொழில்ல நிறைய இருக்கு, கஸ்டமருக்கு அது ஒரே தடவைல புரிஞ்சுடும். சாவி கைமாறின அந்த வாரத்துலயே வாங்கினவருக்கும் வித்தவருக்கும் ரிவ்யூ லிங்க்கை அனுப்புங்க, கூடவே எந்த ஏரியா, என்ன மாதிரி வீடுன்னு ஒரு வரி சேர்த்து எழுத சொல்லி கேளுங்க.